முப்பத்தேழாவது துண்டு

மே 5, திங்கள்

பிரவுசர் டேப் மறுபடியும் செத்தது. இன்றைக்கு மட்டும் பதினோரு தடவை. திரை வெளுத்து, நடுவில் ஒரு அழுமூஞ்சிப் படம், கீழே "மெமரி போதவில்லை" என்று ஒரு வரி. அந்த மூஞ்சியைப் பார்த்தாலே ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். பட்டுப்புழுவைக் கொல்லும் ஒரு வைரஸின் மேலோட்டை எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாலு வருடமாகப் படம் பிடித்து, அணு அணுவாகக் கட்டியிருக்கிறோம். பந்து மாதிரி இருக்கும். அறுபது துண்டுகள் சேர்ந்த பந்து. அறுபதும் ஒரே அச்சு என்பதால் ஃபைலில் ஒரே ஒரு துண்டை வைத்துக்கொண்டு, மீதியை அதன் நகலாகத் திரையில் காட்டுவது வழக்கம். மெமரி மிச்சமாகும். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எங்கள் கட்டுரையைச் சரிபார்க்கும் ரிவ்யூவர் ஒருவர், அறுபதையும் தனித்தனியாகக் கட்டிய ஃபைல் வேண்டும், பிரவுசரில் திறந்து பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டார். ஜூன் முதல் வாரம் கெடு.

எங்கள் தலைவர் பத்மநாபன் சார் கூப்பிட்டு, "ஒண்ணையே அறுபது தடவை காப்பி பண்ணி, தனித்தனி துண்டா எழுதிக் குடுத்துடு ஹெப்சி. அவன் என்ன உக்காந்து எண்ணப் போறானா?" என்றார்.

தனித்தனியாகக் கட்டிய ஃபைல் ஒன்று இருந்தது. சர்வரில் இடம் போதாமல் ஜனவரியில் நீக்கப்பட்டது. மைக்ராஸ்கோப் எடுத்த மூலப்படங்களும் மார்ச்சில் போய்விட்டன. எனவே காப்பிதான்.

சிறுவாணித் தண்ணீர் இன்றும் வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அவர் தொட்டிக்கே ஏற்றிக்கொள்கிறார். கேட்டால் சிரிக்கிறார்.

மே 7, புதன்

நீர் மூலக்கூறுகளை எடுத்தேன். ஹைட்ரஜன்களை எடுத்தேன். நிறங்களைக்கூட எடுத்துவிட்டேன். முப்பத்தாறு துண்டு வரை ஏறுகிறது. முப்பத்தேழாவதில் டேப் விழுகிறது.

சர்வரையும் எங்கள் பிரவுசர் கருவியையும் பார்த்துக்கொள்ளும் இம்தியாஸைக் கேட்டேன். "ஒரு டேப்புக்கு இவ்ளோதான்னு பிரவுசர் ஒரு கோடு போட்டு வச்சிருக்கு மேடம். அதைத் தாண்டினா கேள்வியே கிடையாது, கொன்னுரும்" என்றான்.

கருவிக்குள் நுழைவது சென்னியப்பனின் பெயரில்தான். ஃபைல்கள் எல்லாம் அவர் கணக்கில் இருக்கின்றன. அவர் போன பிறகு சார் அவருடைய பாஸ்வேர்டை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தார். பந்தைக் கட்டியவர் அவர். பிப்ரவரி இரண்டாம் தேதி மாரடைப்பு. நாற்பத்தோரு வயது. உடுமலைப்பேட்டைக்காரர். நான் சாவுக்குப் போகவில்லை, அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

மே 8, வியாழன்

இந்தக் கருவியில் ஒரு வசதி உண்டு. ஒரே இணைப்பைத் திறப்பவர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருப்பது போல. ஒருவர் பந்தைத் திருப்பினால் மற்றவர் திரையிலும் திரும்பும்; ஏற்றிய துண்டுகள் மட்டும் அவரவர் டேப்பில் தனி. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று மூலையில் பெயர் வரும்.

இன்று காலை பத்து மணிக்கு உள்ளே போனேன். மூலையில் இரண்டு பெயர்கள். சென்னியப்பன். சென்னியப்பன்.

முதலாவது நான். இரண்டாவது ஏதோ பழைய இணைப்பு அறுபடாமல் நிற்கிறது, தானாகப் போய்விடும் என்றான் இம்தியாஸ். மாலை வரை போகவில்லை.

மே 12, திங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பத்தே கால் இருக்கும். மெமரி தின்னாத பழைய ஒற்றைத் துண்டு ஃபைலைத் திறந்து வைத்து, மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். பந்து திரும்பியது. நான் திருப்பவில்லை. மெதுவாக, நிதானமாக, இடதிலிருந்து வலமாகப் போய் ஓரிடத்தில் நின்றது. பிறகு பந்து கொஞ்சம் கிட்டே வந்தது. ஒரு துண்டு திரையின் நடுவில். அதைச் சொடுக்கினால் எண் தெரியும், சொடுக்கினேன். 37.

பந்தை வேறு பக்கம் தள்ளினேன். இரண்டு நிமிடம் சும்மா இருந்தது. மறுபடி திரும்பி வந்து அங்கேயே நின்றது.

அந்தத் துண்டில் பார்க்க ஒன்றுமே இல்லை. என் ஃபைலில் அது மற்ற ஐம்பத்தொன்பதின் நகல். ஆனால் சென்னியப்பன் சண்டை போட்டது இந்தத் துண்டுக்காகத்தான். "ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்குதுங்க. அறுபதையும் சராசரி பண்ணுனா அது காணாமப் போயிருது" என்று ஜனவரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அறுபதும் ஒன்றே என்பதுதான் எங்கள் கட்டுரையின் தலைப்பே. அவர் சொன்னது சரியென்றால் கட்டுரை இல்லை. கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. எனக்கு நிரந்தர வேலையும் அதை வைத்துத்தான்.

அவர் சொன்னது சரியில்லை. படத்தில் விழும் இரைச்சலைச் சிக்னல் என்று நினைத்துக்கொள்வது எல்லோருக்கும் நடப்பதுதான்.

மே 13, செவ்வாய்

இன்றும். அதே இடம். மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுத்தேன்.

மே 15, வியாழன்

ஒரு சோதனை செய்தேன். துண்டுகளை ஒன்றிலிருந்து ஏற்றாமல், அறுபதிலிருந்து பின்னோக்கி ஏற்றினேன். அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. மெமரி இன்னும் நிறையவில்லை. முப்பத்தெட்டு ஏறியது. அடுத்ததில் டேப் விழுந்தது.

கணக்குப்படி இன்னும் பதிமூன்று துண்டுக்கு இடம் இருந்தது. பக்கத்து அறைக்குப் போய், வேலை எதுவும் இல்லாமல், அங்கிருந்த பெண்களோடு அரை மணி நேரம் நின்று பேசிக்கொண்டிருந்தேன்.

மே 19, திங்கள்

அந்த இரண்டாவது சென்னியப்பன் எங்கிருந்து வருகிறார் என்று இம்தியாஸ் கண்டுபிடித்துவிட்டான். உடுமலைப்பேட்டை. வீட்டு பிராட்பேண்ட்.

"மேடம், அவர் லேப்டாப் இன்னும் ஓடிட்டிருக்கு. ஜனவரில திறந்த டேப்பை இதுவரைக்கும் யாரும் மூடல." அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. "உள்ள என்ன ஏறியிருக்குன்னு பாத்தேன். அறுபது துண்டு. காப்பி இல்ல, ஒவ்வொண்ணும் தனித்தனி. நாம இல்லைன்னு சொன்ன அந்த ஃபைல் அங்க இருக்கு."

"ஃபைலா?"

"ஃபைல் இல்ல மேடம். அந்த டேப்போட மெமரில மட்டும் இருக்கு. வேற எங்கயும் கிடையாது. யாராவது ரீலோட் பண்ணா, அணைச்சா, அவ்ளோதான், முடிஞ்சுது. மொத்தமா சேவ் பண்ணவும் முடியாது. சேவ் பண்றப்ப முழுசுக்கும் இன்னொரு காப்பி எடுக்கும், மெமரி தாங்காம விழுந்துரும். அவரும் அதனாலதான் அப்படியே விட்டுட்டுப் போயிருக்கணும்."

பிறகு, ஜனவரி இருபத்தெட்டாம் தேதி அந்த ஃபைலை நீக்கியது யார் என்று கேட்டான். பதிவேடு தொண்ணூறு நாள்தானே வைத்திருப்பீர்கள் என்றேன். ஆமாம் என்றான். கேன்டீனில் இன்று தயிர் சாதம் புளித்துக் கிடந்தது.

அவர் வீட்டில் அதை யார் திருப்புகிறார்கள்? மனைவியாக இருக்கும். பெயர் கோகிலவாணி. வேறு யார். இதற்குப் போய் ஒரு வாரம் பயந்தேன்.

மே 20, செவ்வாய்

சாரிடம் சொன்னேன். ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். "இழவு வீட்டுக்குப் போய் லேப்டாப்பை நோண்டிக்கிட்டு இருக்காதே. நம்மகிட்ட இருக்கிறதே போதும்" என்றார். சரி என்றேன். வெளியே வந்தபோது மனசு லேசாகத்தான் இருந்தது. பொய் சொல்லத் தெரியவில்லை.

மே 21, புதன்

இம்தியாஸ் ஓடி வந்தான். நான் இங்கே பந்தைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அங்கே கொஞ்சம் மெமரி ஏறுகிறதாம், இறங்குவதே இல்லையாம். ஏதோ கசிவு. தொண்ணூற்று மூன்று சதவீதத்தில் நிற்கிறது. "அந்த அறைக்குள்ள போகாதீங்க மேடம். போனாலும் சுத்தாதீங்க. இன்னும் ரெண்டு நாள் இப்படி சுத்தினீங்கன்னா அங்க விழுந்துரும்."

மே 22, வியாழன்

ரிவ்யூவருக்குப் படங்கள் எடுக்க வேண்டியிருந்தது. எல்லாக் கோணத்திலும் எடுக்க வேண்டும், அது வேலை. எனவே உள்ளே போனேன். பந்தைத் திருப்பினேன். நிறையவே திருப்ப வேண்டியிருந்தது. மதியம் பார்த்தபோது அங்கே மெமரி தொண்ணூற்றாறு.

படங்கள் அவ்வளவு நன்றாக வரவில்லை. சாயங்காலம் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

மே 23, வெள்ளி

இன்று நான் உள்ளே போகவில்லை. கம்ப்யூட்டரைப் போடவே இல்லை. மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தரைக்கு போன். தெரியாத எண்.

"ஹெப்சி மேடமுங்களா? நான் கோகிலவாணிங்க, சென்னியப்பன் வீட்டுல இருந்து. உங்க நம்பரத்தானுங்க அவரு எழுதி வெச்சிருந்தாரு. அந்தப் பந்து இன்னைக்கு என்னமோ சுத்தவே இல்லீங்க. கெட்டுப் போச்சுங்களா? ஒரு எட்டு வந்து பாக்கறீங்களா?"

வருகிறேன் என்று என் வாய் சொன்னது. அப்புறம்தான் அந்தப் பெண் சொன்னது உறைத்தது. அவள்தான் சுற்றுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

மே 24, சனி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிட வேண்டும்.

காலை ஆறரை பஸ். இம்தியாஸ் ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்திருந்தான். துண்டின் எண்ணைக் கொடுத்தால் அதை மட்டும் எடுத்து பென்டிரைவில் போடும். எடுக்க எடுக்க மெமரி ஏறத்தான் செய்யும், ஐந்தோ பத்தோ துண்டுக்கு மேல் தாங்கினால் அதிர்ஷ்டம் என்றான். "அதனால முப்பத்தேழை முதல்ல எடுத்துருங்க மேடம்" என்று மூன்று தடவை சொன்னான்.

வீடு தளி ரோட்டில். கோகிலவாணிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"வாங்க மேடம். பஸ்ஸுல உக்கார எடங் கெடைச்சுதுங்களா?" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். நாலு மாதம் கழித்து வருகிறவளிடம் ஒரு கோபமும் இல்லாமல் பேசினாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

லேப்டாப் முன்னறையில், ஜன்னலை ஒட்டிய மேசையில். அதற்கென்று தனியாக ஒரு இன்வெர்ட்டர். விசைப்பலகை மேல் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. மவுஸ் மேலும்.

"நீங்கதான் இதைத் திருப்புறீங்களாம்மா?"

"அய்யோ, நான் தொட்டதே இல்லீங்க. தூசி தட்டக்கூட பயமுங்க. ஆசுபத்திரிக்குப் போறப்ப சொன்னாருங்க, இத அணைச்சுப் போடாத, ஹெப்சி மேடம் போன் பண்ணுவாங்க, அவங்க வந்து எடுத்துக்குவாங்கன்னு. நானும் எதிர்பாத்துட்டே இருந்தனுங்க."

உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். ஒன்றாம் துண்டிலிருந்து ஆரம்பித்தேன். எதையும் ஒழுங்காக முதலிலிருந்து செய்வது என் பழக்கம்.

ஒன்று வந்தது. இரண்டு வந்தது. ஆறாவதில் மெமரி தொண்ணூற்றெட்டு. உள்ளே விசிறி இரைய ஆரம்பித்தது. கோகிலவாணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கையில் காபியோடு என் பின்னால் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்து மணிக்கு வருவாருங்க" என்றாள்.

"யாரு?"

"அவருதானுங்க. இந்த மாசத்துல இருந்துதான். டிங்குனு ஒரு சத்தம் வரும். அந்த மூலைல அவரு பேரு வரும். அப்பறம் பந்து சுத்தும். லீவுங்கறதால நானும் காப்பி வெச்சுட்டு உக்காந்து பாத்துட்டு இருப்பனுங்க. நேத்துதான் வரல. அதானுங்க உங்களக் கூப்புட்டேன்."

ஏழாம் துண்டு வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் பேய் பிசாசு என்று பேசுகிற ஆள் இல்லை. கல்யாணத்துக்கு வராத ஒருவர் பிறகு வீட்டுக்கு வந்துவிட்டுப் போனதைச் சொல்வது போல, சாதாரணமாகச் சொன்னாள். இரண்டு வாரமாக நான் காலை பத்து மணிக்கு ஒரு செத்த மனிதரின் பெயரைப் போட்டுக்கொண்டு இவள் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன். இவள் காபியோடு எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"கோகிலா, அது நான்தான்மா" என்றேன். "ஆபீஸ்ல அவர் கணக்கைத்தான் நான் உபயோகிக்கிறேன். அவர் பேர்ல உள்ள வந்தது நான். பந்தைச் சுத்தினதும் நான்தான். நேத்து நான் வரல, அதனாலதான் சுத்தல."

அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிங் என்றது.

மூலையில் இரண்டாவது பெயர் வந்தது. சென்னியப்பன். பந்து மெதுவாக, இடதிலிருந்து வலமாகத் திரும்பி, கிட்டே வந்து நின்றது.

"அப்ப இது யாருங்க?" என்றாள்.

இம்தியாஸுக்குப் போன் செய்தேன். ஈரோட்டில் கல்யாண மண்டபத்தில் இருந்தான், பின்னால் நாதஸ்வரம் கேட்டது. இல்லை மேடம், நான் எதுவும் திறக்கவில்லை, ஆபீஸ் பூட்டியிருக்கிறது என்றான். சாருக்கு அந்தக் கருவியைத் திறக்கவே தெரியாது. மஞ்சள் சீட்டு என் கைப்பையில் இருக்கிறது.

திரையின் நடுவில் முப்பத்தேழாவது துண்டு. இங்கே அது நகல் இல்லை. பக்கத்துத் துண்டுகள் எல்லாம் பொத்திய கை மாதிரி மூடிக் கிடக்க, இது ஒன்று மட்டும் விரிந்து திறந்திருந்தது. பெரிதாக்கக்கூடத் தேவையில்லை. குழந்தை பார்த்தாலும் சொல்லும்.

மெமரி தொண்ணூற்றொன்பது. எட்டாம் துண்டுக்கு எண் அடித்து வைத்திருந்தேன். சும்மா எண்டரைத் தட்டினால் போதும். டேப் விழும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. மெமரி போதவில்லை, அவ்வளவுதான்.

எட்டை அழித்தேன். முப்பத்தேழு என்று அடித்தேன். விசிறி அலறியது. பந்து அசையவே இல்லை, நான் முடிக்கும்வரை அப்படியே நின்றது. பென்டிரைவில் விளக்கு மினுக்கி நின்றது. முழுசாக வந்துவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்தேன். வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் எதையும் தொடவில்லை. திரை தானாகவே வெளுத்தது.

கோகிலவாணி எழுந்து கிட்டே வந்து பார்த்தாள்.

"போயிட்டாருங்களா?"

பிரவுசர், கோடு, மெமரி என்று என்னென்னவோ சொல்லியிருக்கலாம். "ஆமாம்மா" என்றேன்.

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. பஸ் பிடிக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

மே 26, திங்கள்

பத்திரிகைக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், அறுபதும் ஒன்றல்ல, அதைக் கண்டவர் சென்னியப்பன், முப்பத்தேழாவது துண்டு இத்துடன் இணைப்பில். சாருக்கும் ஒரு பிரதி. அதில் இன்னொரு பத்தியும் எழுதினேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அந்த ஃபைலை ஜனவரி இருபத்தெட்டாம் தேதி மாலை நாலு பத்துக்கு அழித்தது நான். சர்வரில் அன்றைக்கு இடம் தாராளமாக இருந்தது. முப்பதாம் தேதி சென்னியப்பன் மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் போன் என் கையில்தான் இருந்தது. அவர் சாவன்றைக்கு எனக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை.

மே 28, புதன்

சார் நேரில் கூப்பிடவில்லை. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. மேசையைக் காலி செய்தேன். இம்தியாஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட் வரை வந்தான். ஆட்டோவில் ஏறும்போது, கருவியில் அந்த அறையை மூடிவிட்டதாக மட்டும் சொன்னான்.

மே 30, வெள்ளி

கடிதத்தின் பிரதி ஒன்றைத் தமிழில் எழுதி கோகிலவாணிக்கும் அனுப்பியிருந்தேன். கடைசிப் பத்தியையும் சேர்த்து. இன்று சாயங்காலம் போன் வந்தது. எடுத்தேன்.

கோகிலவாணி வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அந்த ஒண்ணு, அவரு சொன்ன மாதிரிதான் இருந்துச்சுங்களா?"

"ஆமாம்மா. அவர் சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு."

"இத அவரு இருக்கறப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.